கண் திறந்த கும்பிடு

இத்தாலியின் பலெர்மோவில் இருக்கிற தமிழ் ஆண்களில் நகுலேஸ்வரனைப் போலப் பக்திமான் வேறு ஆளில்லை என்பது அவர் குடியிருக்கிற கட்டடத்துப் பெண்களின் தீர்மானமான அபிப்பிராயம். மற்ற வீட்டு ஆண்கள் சாமித் தட்டுக்கு முன்னால் நின்றால் கண்ணை இறுக மூடி, எதையோ முணுமுணுத்துவிட்டு, சப்பாத்தை மாட்டிக்கொண்டு வேலைக்கு ஓடிவிடுவார்கள். நகுலேஸ்வரன் அப்படியில்லை. காலையில் குளித்துத் திருநீறு பூசி, அந்த நகரத்தின் காவல் புனிதை சாந்தா ரோசாலியாவின் படத்துக்கு முன்னால் வந்து நின்றாரென்றால் கண்ணை மூடவே மாட்டார். இமை கொட்டாமல் அந்த முகத்தையே பார்த்தபடி நிற்பார். மேசையில் தேத்தண்ணி ஆறிப்போகும்.

"எங்கடை இவர் கும்பிடுறதைப் பாக்கவேணும்," என்று அவருடைய மனைவி ஞானம்பிகை, வெள்ளிக்கிழமைகளில் விளக்குக்கு வரும் பெண்களிடம் சொல்லிப் பூரித்துப்போவாள். "அம்மாவும் இவரும் நேருக்கு நேர் கதைக்கிற மாதிரி இருக்கும். கண்ணை மூடினா அம்மா போயிடுவா எண்ட பயம் போலை."

இந்தப் பேச்சு தொடங்கியதும் நகுலேஸ்வரனுக்குக் குப்பை கொட்டுகிற வேலை ஞாபகம் வந்துவிடும். பையை எடுத்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி, பல்லரோச் சந்தைப் பக்கம் ஒரு நடை போய்விட்டுத்தான் திரும்புவார். காரணம் வேறொன்றுமில்லை. அந்தப் படத்தில் இருப்பது சாந்தா ரோசாலியா அல்ல. லெனோரா ஹேய்ஸ் என்ற ஹொலிவூட் நடிகை.

நகுலேஸ்வரன் பள்ளிக்கூடம் படித்த காலத்தில் யாழ்ப்பாணத்துத் தியேட்டர் ஒன்றில் பழைய ஆங்கிலப் படங்களைக் கொண்டுவந்து ஓட்டுவார்கள். அப்படி வந்த ஒரு கப்பல் கொள்ளைக்காரப் படத்தில்தான் அவர் லெனோராவைக் கண்டார். பேசியதில் பாதி விளங்கவில்லை. விளங்கவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. கல்யாணக் கட்டத்தில் வெள்ளை ரோசாப் பூக்களால் கிரீடம்போல முடி சூடி வருவாள். பக்கத்தில் நிற்கிற மாப்பிள்ளையைப் பார்க்காமல் மேலே எங்கேயோ பார்ப்பாள். இடது கன்னத்தில் ஒரு மச்சம். அந்தப் பார்வைக்காகவே, படத்தை மாற்றும்வரை அவர் கடைசி வரிசைப் பின்வாங்கில் போய்க் குந்தினார்.

பிறகு சண்டை வந்தது, கல்யாணம் வந்தது, மனைவியை ஊரில் விட்டுவிட்டு இத்தாலிக்கு வரவேண்டியும் வந்தது. பலெர்மோவில் முதல் வருடம் பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதி இல்லை, மொழி இல்லை, தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய சாமான் சந்தையில், கால் உடைந்த கதிரைகளுக்கும் ஒரு பித்தளைக் கட்டிலுக்கும் நடுவே சாய்ந்துகொண்டு அவள் நின்றாள். அதே ரோசாப்பூ முடி, அதே பார்வை. மாப்பிள்ளையை யாரோ ஏற்கெனவே வெட்டி எறிந்துவிட்டு, முகத்தை மட்டும் கண்ணாடிச் சட்டத்தில் போட்டிருந்தார்கள். நகுலேஸ்வரனுக்கு அழுகை வந்துவிட்டது. அந்தப் பெரிய நகரத்தில் அவருக்குத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். வாங்கிக்கொண்டுவந்து கட்டிலடியில் மாட்டினார்.

மூன்று வருடம் கழித்து ஞானம்பிகை வந்தாள். விமான நிலையத்திலிருந்து வீடு வரும்வரை ஒரே அழுகை. அறைக்குள் காலை வைத்தவள் படத்தைப் பார்த்தாள், மூக்கைத் துடைத்தாள்.

"ரோசாலியா அம்மாவோ?" என்று கேட்டாள்.

பெர்மெஸ்ஸோவுக்காக நம்முடைய ஆட்கள் வெறுங்காலோடு மலையேறிப் போய்க் கும்பிடுகிற, ரோசாப்பூ முடி வைத்த அந்த அம்மாவைப் பற்றித் தொலைபேசியில் அவளுக்குக் கதை கதையாகச் சொன்னவர் நகுலேஸ்வரன்தான். ஆகையால் அவளைக் குறை சொல்ல வழியில்லை. கேட்டதோடு நிற்காமல், வந்ததிலிருந்து முதல் தடவையாகச் சிரிக்கவும் செய்தாள்.

"ஓம்," என்றார் நகுலேஸ்வரன்.

அந்த ஒரு ஓம்தான். அடுத்த நாள் படத்துக்குக் குங்குமம் வந்தது. அதற்கடுத்த வாரம் பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில் இடம் வந்தது. கன்னத்து மச்சத்துக்கும் ஞானம்பிகை தானே விளக்கம் கண்டுபிடித்துவிட்டாள். இவ்வளவு வடிவுக்குக் கண்ணூறு படாமல் இருக்க யாரோ கறுப்புப் பொட்டு வைத்திருக்கிறார்களாம். கீழ்வீட்டு றோசமலர் மன்னார்க் கத்தோலிக்கப் பெண், விஷயம் தெரிந்தவள். "கோயில்லை இருக்கிற அம்மான்ரை சுருவத்திலை சிலுவையும் மண்டையோடும் இருக்குமே அக்கா, இதிலை ஒண்டையும் காணேல்லை," என்று ஒருநாள் இழுத்தாள். "இது அம்மா துறவறத்துக்குப் போக முந்தி எடுத்தது," என்று ஞானம்பிகை அவள் வாயை அடைத்துவிட்டாள். பெர்மெஸ்ஸோ கிடைத்தது, மகள் சுலக்சனா பிறந்தாள், ஞானம்பிகையின் வயிற்றுக் கட்டி கத்தி வைக்காமலே கரைந்தது. எல்லாம் படத்தின் கணக்கில் ஏறிக்கொண்டே போயின. ஒவ்வொன்றும் ஏற ஏற, உண்மையைச் சொல்லும் வேலை நகுலேஸ்வரனுக்கு இன்னும் கொஞ்சம் கடினமாகியது.

இப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மகள் படிக்கவென்று மிலானோவுக்குப் போய்விட்டாள். இந்த யூன் மாதத்தில் ஒருநாள் ஞானம்பிகை வேலையால் வந்து கைப்பையை வைத்தபடியே செய்தி சொன்னாள். பலெர்மோவை ஒட்டிய ஸ்ஃபெர்ராகவால்லோ என்ற மீனவ ஊரில், சிஞ்ஞோரா என்று அவள் அழைக்கிற ஒரு இத்தாலிய அம்மாவின் கடற்கரை வீட்டைத் துப்புரவாக்குவதுதான் அவள் வேலை.

"இஞ்சேருங்கோ, சிஞ்ஞோரா வீட்டைப் படம் எடுக்கிற ஆக்களுக்கு வாடகைக்குக் குடுத்திட்டா. ஒரு அமெரிக்கக் கிழவி வந்து தங்கப்போறாவாம். நடிகையாம். நான்தான் சமைச்சுக் குடுத்துப் பாக்கவேணும்."

"ஆராம்?"

"லெனோராவோ என்னவோ. ஹேய்ஸ் எண்டு சொன்னவை. உங்களுக்குத் தெரியுமோ?"

நகுலேஸ்வரனுக்குக் குடித்த தேத்தண்ணி மூக்கால் வந்தது.

"எனக்கென்னெண்டு தெரியும்? நான் எங்கை இங்கிலீசுப் படம் பாத்தனான்?" என்று இருமிக்கொண்டே சொன்னார்.

அன்று முதல் மனிதருக்கு நிம்மதி போயிற்று. அவளை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிடவேண்டும் என்று ஒரு பக்கம் மனம் துள்ளியது. மறுபக்கம், ஞானம்பிகை தினமும் அந்த முகத்துக்குச் சோறு போடப்போகிறாள், வீட்டுக்கு வந்து அதே முகத்துக்கு விளக்கேற்றப்போகிறாள் என்று நினைத்து, நிறையாத குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு மூன்று மாடியும் இறங்கினார்.

முதல் வாரம் ஒன்றும் நடக்கவில்லை. லெனோராவுக்கு எண்பத்தாறு வயது. ரோசாப்பூ முடிக்காரிக்கும் அந்தக் கிழவிக்கும் நடுவில் அறுபது வருடத்துக்கு மேல் கிடந்தது. ஞானம்பிகைக்கு எந்தச் சந்தேகமும் வரவில்லை. அதற்குப் பதிலாக அன்பு வந்துவிட்டது. "என்ரை கிழவி" என்று சொல்லத் தொடங்கிவிட்டாள்.

"என்ரை கிழவி இண்டைக்குக் கணவாய்க் கறியும் புட்டும் கேட்டு வாங்கித் திண்டது. விரலை நக்கினதைப் பாக்கவேணும். அந்த நாளையிலை ரோமிலை கன படம் நடிச்சதாம், இத்தாலியன் தண்ணி மாதிரிக் கதைக்குது."

"வேறை என்ன செய்தவ?"

"காலை உப்புத்தண்ணியிலை ஊறவைச்சுக்கொண்டு வசனம் பாடமாக்குது. மறந்துபோனா தன்னைத்தானே கெட்ட வார்த்தையாலை பேசுது. நான் உள்ளி உரிச்சா தானும் வந்திருந்து உரிக்குது."

"பாடுறவவோ?"

"ஏனப்பா, கிழவி பாடினா உங்களுக்கென்ன, பாடாட்டி உங்களுக்கென்ன?"

நகுலேஸ்வரன் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார். ஆனால் உள்ளி உரிக்கிற லெனோராவை நினைத்து அன்று முழுவதும் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

அவருக்கும் ஸ்ஃபெர்ராகவால்லோவில்தான் வேலை, கடற்கரைச் சாப்பாட்டுக் கடையொன்றின் குசினியில் மீன் வெட்டுவது. படக்காரர்கள் மதியச் சாப்பாட்டை அந்தக் கடையில்தான் எடுத்தார்கள். கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையை நகுலேஸ்வரன் முண்டியடித்து வாங்கிக்கொண்டார். முதலாளிக்கே ஆச்சரியம். முழங்கால் நோகிறது என்று குசினியை விட்டு அசையாத மனிதர், கொதிக்கிற வெயிலில் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு துறைமுகத்துக்கு ஓடினார்.

அங்கே அவர் கண்ட முதல் காட்சி இதுதான். கறுப்புச் சட்டை, கறுப்பு முக்காடு, தோளில் நனைந்த வலை. படகுத் துறையின் கல்லில் ஒரு கிழவி மெல்ல நடந்துவந்தாள். கடலைப் பார்த்து நின்று, ஒரு கணம் தலையை மேலே தூக்கினாள். நகுலேஸ்வரனின் கையிலிருந்த பெட்டி சரிந்து சோஸ் முழுவதும் சட்டையில் ஊற்றியது. அதே பார்வை. தோல் சுருங்கியிருந்தது, கழுத்து தளர்ந்திருந்தது, பார்வை மட்டும் அன்றைக்குப் பின்வாங்கில் குந்தியிருந்த பொடியன் பார்த்தபடியே இருந்தது. மச்சமும் இருந்த இடத்திலேயே இருந்தது.

ஏதோ ஒரு படகு இயந்திரம் இரைந்ததால் அந்த நடையைத் திரும்ப எடுத்தார்கள். பிறகு மேகம் வந்ததென்று திரும்ப. பிறகு யாரோ நிழலில் நின்றார்களென்று திரும்ப. லெனோரா முகம் சுளிக்கவில்லை. ஒவ்வொரு முறையும் அந்த வலை அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தோளில் ஏறியதுபோல நடந்தார். இடைவேளையில் மீன்காரர்களோடு பகிடி விட்டார். சாப்பாட்டுப் பெட்டியை நீட்டிக்கொண்டு வாயைப் பிளந்தபடி நின்ற நகுலேஸ்வரனைப் பார்த்து, "இதில் மீன் இருக்கிறதா, அல்லது எல்லாம் உங்கள் சட்டையில்தான் இருக்கிறதா?" என்று இத்தாலியனில் கேட்டார். நகுலேஸ்வரன் பெட்டியை அவர் கையில் வைத்தார். கைகூப்பிவிட்டுத் திரும்பி ஓடினார். கடைக்கு வந்து வாளை மீன் வெட்டும்போது பாடிக்கொண்டு வெட்டினார்.

மகிழ்ச்சி ஒரு வாரம் நீடித்தது. பிறகு ஞானம்பிகை குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை கிழவி எங்கடை வீட்டை வருது. நண்டுக் கறியை எங்கடை அடுப்பிலை, எங்கடை சட்டியிலை வைச்சுத் திண்டு பாக்கவேணுமாம்."

"இஞ்சையோ? மூண்டு மாடி ஏறவேணுமே!"

"அந்தக் கல்லுத் துறையிலை நாள் முழுக்க நடக்கிற மனிசிக்கு இது ஒரு மாடியோ?"

சனிக்கிழமை காலையிலிருந்து நகுலேஸ்வரன் படத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். சட்டத்தில் உளு விழுந்திருக்கிறது, பிரான்காச்சோவில் தெரிந்த தச்சன் ஒருவன் இருக்கிறான், இப்போதே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வாறன் என்றார். விருந்தாளி வருகிற நாளில் வீட்டில் அம்மா இல்லாமலா என்று ஞானம்பிகை பாய்ந்தாள். சரியென்று சந்தைக்குப் போய்ப் பெரிய பூக்கொத்துகள் வாங்கிவந்து தானே மாலை கட்டிப் போட்டார். மாலை லெனோராவை மூக்குவரை மூடியது. ஞானம்பிகை தூர நின்று பார்த்தாள், சிரித்தாள், மாலையைக் கழுத்துக்கு இறக்கிவிட்டாள். "பக்தி முத்திப்போச்சு," என்றாள்.

ஞாயிறு மதியம் லெனோரா வந்தார். நெல்லிக்காய் நிறத்தில் ஒரு சட்டை, கையில் ஒரு தர்ப்பூசணி. மூன்றாம் மாடியில் மூச்சு வாங்க நின்றவர், நகுலேஸ்வரனைக் கண்டு, "ஓ, மீன் சட்டைக்காரர்!" என்றார். உள்ளே வந்தார். கதிரையில் உட்காரப் போனவர் உட்காரவில்லை. அவர் கண் சாமித் தட்டில் நின்றுவிட்டது.

ஞானம்பிகை குசினிக்கும் கூடத்துக்கும் நடுவில் நின்று பெருமையாகச் சொன்னாள். "அதுதான் எங்கள் சாந்தா ரோசாலியா, சிஞ்ஞோரா. எங்களுக்குப் பெர்மெஸ்ஸோ வாங்கித் தந்தவர். மகளைத் தந்தவர். என் வயிற்றுக் கட்டியைக் கரைத்தவர்."

லெனோரா திரும்பி நகுலேஸ்வரனைப் பார்த்தார். மனைவிக்குப் பின்னால் நின்ற மனிதர் இரண்டு கையையும் நெஞ்சுக்கு முன்னால் கூப்பியிருந்தார். முகம் முழுவதும் வேர்வை. அந்த முகத்தில் எழுதியிருந்ததை வாசிக்க லெனோராவுக்கு அதிக நேரம் தேவைப்படவில்லை. மெல்லப் படத்துக்குக் கிட்டப் போனார். நெற்றிக் குங்குமத்தையும், கழுத்து மாலையையும், விளக்கு வெளிச்சம் ஆடுகிற கன்னத்தையும் பார்த்தார்.

"கேட்டதையெல்லாம் செய்வாரா?" என்று கேட்டார்.

"அநேகமாகச் செய்வார். ஓகஸ்டில் மட்டும் கொஞ்சம் மெதுவு," என்றாள் ஞானம்பிகை.

"ஓகஸ்டில் இந்த நாட்டில் யார்தான் வேலை செய்கிறார்கள்," என்றார் லெனோரா. பிறகு ஞானம்பிகை கொடுத்த ஊதுபத்தியை வாங்கிக் கொளுத்தி, அவள் காட்டித் தந்தபடியே சுற்றி, தன் படத்துக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. அதில் எவ்வளவு நடிப்பு, எவ்வளவு உண்மை என்று நகுலேஸ்வரனால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. கமெரா இல்லை, விளக்குக்காரன் இல்லை, நண்டுக் கறி கொதிக்கிற சத்தம் மட்டும்தான். அவர் வாழ்நாளில் பார்த்த நடிப்பிலேயே இதுதான் திறம். கைதட்டவும் வழியில்லாமல் நின்றார்.

நண்டைக் கடித்து உறிஞ்சி, சொதியைக் கோப்பையில் குடித்து, லெனோரா சாப்பிட்ட சாப்பாடு ஞானம்பிகைக்கு வயிற்றை நிறைத்தது. புறப்படும்போது கைத்தாங்கலாகக் கூட்டிப்போன நகுலேஸ்வரனிடம், இரண்டாம் மாடிப் படியில் நின்று லெனோரா சொன்னார். "எனக்கு இதைவிட நல்ல வேடம் ஒருவரும் தந்ததில்லை. ஆனால் உங்கள் மனைவி கெட்டிக்காரி. அவரை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் நாடகம் போடுவது எனக்குப் பிடிக்கவில்லை."

அந்தச் சொல் நகுலேஸ்வரனுக்கு நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. மேலே ஏறி வந்தபோது ஞானம்பிகை சட்டி கழுவிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு வெளிச்சம்.

"நான் ஒரு முடிவு எடுத்திட்டன். நாளையோடை கிழவிக்குப் படம் முடியுது, செவ்வாய்க்கிழமை போகுது. எங்கடை அம்மாவை அவவுக்குக் குடுத்துவிடப் போறன்."

"என்ன?"

"நீங்கள் பாக்கேல்லையோ, அம்மாவுக்கு முன்னாலை நிண்டு கண் கலங்கினதை? புருசன் இல்லை, பிள்ளை இல்லை, தனியச் சோறு தின்னுற மனிசி. எங்களுக்குத் தரவேண்டியதெல்லாம் அம்மா தந்திட்டா. இனி அவவுக்குத் துணையாப் போகட்டும்."

நகுலேஸ்வரன் சாமித் தட்டைப் பார்த்தார். படம் போய்விடும் என்பது ஒன்று. அதைவிடப் பெரிய கஷ்டம் வேறு. தன் மனைவி பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டுபோய், லெனோராவிடம் லெனோராவையே கொடுப்பாள். லெனோரா அதையும் நடித்து வாங்கிக்கொள்வார். ஞானம்பிகை ஒருநாளும் அறியமாட்டாள். தன்னிடமிருந்த மிகப் பெரிய பொருளைத் தூக்கிக் கொடுக்கிற ஒருத்தியைப் பார்த்துத் தானும் பக்கத்தில் நின்று தலையாட்டவேண்டும். அது அவரால் ஏலாது.

"ஞானம், அதைக் குடுக்கேலாது."

"ஏன்?"

"அது ரோசாலியா இல்லை."

பிறகு எல்லாவற்றையும் சொன்னார். தியேட்டர், பின்வாங்கு, கப்பல் படம், பழைய சாமான் சந்தை, கால் உடைந்த கதிரைகள். சொல்லி முடிக்கும்வரை குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஞானம்பிகை அதை நிறுத்தினாள்.

"அப்ப சுலக்சனாவுக்குக் காய்ச்சல் கொதிச்ச நேரம் நான் ஆரிட்டை அழுதனான்?"

நகுலேஸ்வரன் கழுவி வைத்திருந்த சட்டியொன்றை எடுத்துத் துடைத்தார்.

"ஏன் அண்டைக்கு ஓம் எண்டனியள்?"

"எயார்போட்டிலையிருந்து அழுதுகொண்டு வந்தனி. அதைப் பாத்துத்தான் முதன்முதலாச் சிரிச்சனி. அந்தச் சிரிப்பைக் கெடுக்க எனக்கு மனம் வரேல்லை."

"அண்டைக்குச் சரி. அடுத்தநாள்?"

ஞானம்பிகை கையைத் துடைத்துக்கொண்டு போய், மாலையைக் கழற்றி வைத்துவிட்டு, படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினாள். அன்று இரவு அவருக்குப் பாணும் சீனியும்தான். நண்டுக் கறிச் சட்டி கண்ணுக்கு முன்னாலேயே இருந்தது, தொடத் துணிவு வரவில்லை. அவள் அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவருக்கு.

காலையில் ஞானம்பிகை சொன்னாள். "நானும் இண்டைக்கு உங்களோடை துறைக்கு வாறன். அவ வேலை செய்யிறதை நான் ஒருநாளும் பாக்கேல்லை."

துறைமுகத்தில் வலைக் குவியலுக்குப் பின்னால் இருவரும் நின்றார்கள். கடைசிக் காட்சி. கிழவி வலையோடு வரவேண்டும், கடலைப் பார்க்கவேண்டும், வலையைக் கல்லில் போட்டுவிட்டுத் திரும்பி நடக்கவேண்டும். அவ்வளவுதான். வெயில் கல்லைப் பிளந்தது. லெனோரா நடந்தார். ஒருமுறை பாசியில் கால் வழுக்கி முழங்காலில் விழுந்தார். நாலு பேர் ஓடினார்கள். ஞானம்பிகையும் தன்னையறியாமல் இரண்டு அடி வைத்துவிட்டாள். லெனோரா எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டு, குடை பிடித்து நின்ற பெண்ணின் முகம் வெளிறியிருப்பதைக் கண்டு, முதலில் அவளுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். திரும்ப நடந்தார். இயக்குநர் போதும், அருமை என்றார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"எனக்குப் போதாது," என்றார் லெனோரா. "கடைசி அடியில் எனக்கு நண்டுக் கறி ஞாபகம் வந்துவிட்டது. இன்னொரு தரம்."

வலையைத் திரும்பத் தோளில் ஏற்றினார்கள். ஞானம்பிகை வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"அந்தக் கப்பல் படத்திலையும் இப்பிடித்தான் செய்தவவோ?" என்று கேட்டாள். முந்தின இரவிலிருந்து அவரோடு அவள் பேசிய இரண்டாவது வார்த்தை அதுதான்.

"அதிலை வடிவா இருந்தவ. இதிலைதான் திறமா நடிக்கிறா."

"நேற்று எங்கடை வீட்டிலையும் திறமாத்தான் நடிச்சவ," என்றாள் ஞானம்பிகை. "எனக்கு மனம் நோகக்கூடாதெண்டு நடிச்சவ. எங்கடை நண்டைத் திண்டிட்டு."

எல்லாம் முடிந்து லெனோரா குடைக்குக் கீழே வந்து உட்கார்ந்ததும் ஞானம்பிகை நேரே போனாள். நகுலேஸ்வரன் பின்னால் பதுங்கிப் பதுங்கிப் போனார். கையில் கொண்டுவந்த புட்டுப் பெட்டியைத் திறந்து கிழவியின் மடியில் வைத்தாள்.

"எனக்குத் தெரியும், சிஞ்ஞோரா," என்றாள்.

லெனோரா நகுலேஸ்வரனைப் பார்த்தார். "சொல்லிவிட்டாரா? நல்லது. என்மீது கோபமா?"

"உங்கள்மீது இல்லை. இவர்மீதுதான். செப்டெம்பரில் ரோசாலியா மலைக்குப் போகும்வரை வைத்திருப்பதாக யோசனை."

லெனோரா வாய்விட்டுச் சிரித்தார். புட்டை ஒரு விரலால் எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கொஞ்சம் தயக்கத்தோடு கேட்டார். "அப்படியானால் என்னைக் கீழே இறக்கிவிட்டாயா?"

"இல்லை. ஓர் இரவு சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்."

"என்னை நியாயமாகத் தூக்கி எறியலாம். நான் ஒரு நோயையும் குணமாக்கவில்லை, பெர்மெஸ்ஸோவும் வாங்கித் தரவில்லை."

ஞானம்பிகையின் இத்தாலியன் வீடு கூட்டுகிற, சமைக்கிற இத்தாலியன். அதற்குள்ளேயே சொற்களைத் தேடி எடுத்தாள்.

"அவற்றைத் தந்தவர் ரோசாலியா அம்மா. அவர் மலையில் இருக்கிறார். அங்கே ஏறிப் போய் நான் பேசிக்கொள்ளுவேன், அவருக்கு விளங்கும். ஆனால் அந்த வீட்டில் என் அழுகையையெல்லாம் கேட்டுக்கொண்டு இருந்தது உங்கள் முகம்தான். முகம் திருப்பாமல் கேட்டது. உங்களுக்கு வயிற்றுக் கட்டியைக் கரைக்கத் தெரியாது. வேலையை நன்றாகச் செய்யத் தெரியும், விழுந்தால் எழும்பத் தெரியும். நானும் இருபத்தைந்து வருடமாக அதைத்தான் செய்கிறேன். எங்கள் வீட்டில் உங்களுக்கு இடம் இருக்கிறது."

லெனோரா பெட்டியைப் பக்கத்தில் வைத்தார். புட்டு ஒட்டியிருந்த கையாலேயே ஞானம்பிகையின் கையைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை அது நடிப்பா உண்மையா என்ற சந்தேகம் நகுலேஸ்வரனுக்கு வரவில்லை. அவருக்கே கண் மறைத்தது.

செவ்வாய்க்கிழமை லெனோரா போனார். ஞானம்பிகை விமான நிலையம்வரை போய், மிளகாய்த்தூள் பையொன்றைக் கொடுத்து வழியனுப்பிவிட்டு வந்தாள். கட்டடத்துப் பெண்களுக்கு ஒன்றும் சொல்வதில்லை என்று முடிவாயிற்று. அவர்கள் கேட்டது அவர்களுக்குக் கிடைத்துக்கொண்டிருக்கும்போது எதற்குக் குழப்பவேண்டும் என்றாள்.

புதன்கிழமை காலை நகுலேஸ்வரன் குளித்துவிட்டு வந்தபோது படம் சுவரிலிருந்து திரும்பி, பழைய இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, முருகனுக்குப் பக்கத்தில் இருந்தது. நெற்றிக் குங்குமத்தைத் துடைத்திருந்தாள். மாலை புதிது. பிள்ளையாருக்கும் முருகனுக்கும் நடுவில், விமான நிலையத்தால் திரும்பும் வழியில் வாங்கிய, சிலுவையும் மண்டையோடும் உள்ள ஒரு சின்ன ரோசாலியா புதிதாக வந்திருந்தார். நகுலேஸ்வரனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. திருநீறு பூசினார். வழக்கம்போலக் கைகூப்பினார். வழக்கம்போலவே கண் ரோசாப்பூ முடியிடம் போயிற்று. இமை கொட்டவில்லை.

குசினியிலிருந்து தேத்தண்ணியோடு வந்த ஞானம்பிகை வாசலில் நின்று அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இஞ்சேருங்கோ," என்றாள். "இனிமேல் நீங்கள் கண்ணை மூடிக் கும்பிடுங்கோ."